கேட் வரைக்கும் வந்த பிறகும் மறுபடி சோதனை: அப்பாவை மட்டும் ஏன் தனியாக நிறுத்தினார்கள்?

பகுதி: பயணம் / வெளிநாடு

சிப்புட்_மகள் · ஞாயிறு, இரவு 9:14

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன மாதம் அப்பா, அம்மா, தம்பி, நான் நாலு பேரும் திருச்சிக்குப் புறப்பட்டோம். அப்பா லிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை. வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் விடவில்லை. அவருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். தாத்தா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கடப்பிதழ் பார்த்தாகிவிட்டது, குடிநுழைவு முடிந்தது, பை ஸ்கேன் ஆகிவிட்டது. இனி ஏறி உட்கார வேண்டியதுதான் என்று கேட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு வரிசை. பெல்ட், போன், பை எல்லாம் மறுபடியும் தட்டில். நாங்கள் மூணு பேரும் தாண்டிவிட்டோம். அப்பாவை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்லி, ஒரு குச்சி முனையில் இருந்த வெள்ளைத் துணியால் அவர் பையையும் உள்ளங்கையையும் தேய்த்து ஒரு மெஷினில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி தேய்த்தார்கள், மறுபடி சிவப்பு. இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பையைக் கொட்டினார்கள். சட்டைப் பையில் இருந்த வெற்றிலைப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஏன் என்று மலாயில் கேட்டேன். "ராண்டம்" என்ற ஒரே வார்த்தைதான் பதில். எங்களைப் போய் ஏறச் சொன்னார்கள். அம்மா அசையவே இல்லை. வரிசையில் நின்ற எல்லாரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி அழைப்பு கொடுத்த பிறகுதான் விட்டார்கள்.

விமானத்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், "நான் என்னம்மா செஞ்சேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த விமான நிலையம் என்று எழுத விரும்பவில்லை. அந்தச் சிவப்பு விளக்குக்கு என்ன அர்த்தம்? முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லாதவருக்குக் கேட்டில் மட்டும் எப்படி வந்தது?

ஜாலோங்_தம்பி · ஞாயிறு, இரவு 9:40

அக்கா, அப்பா கறுப்பாக இருக்கிறார், பழைய சட்டை, தோளில் பழைய பை. வேறு என்ன காரணம் வேண்டும்? கோட் போட்டுக்கொண்டு வந்தவரை யாராவது ஓரமாக நிறுத்தினார்களா? நம் ஆட்களைத்தான் எப்போதும் கூப்பிடுவார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. படிக்கும்போதே வயிறு எரிகிறது.

மேரு_ராயா · ஞாயிறு, இரவு 9:52

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முதல் பயணமே இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

ஓய்வில்_காவலர் · ஞாயிறு, இரவு 11:05

மகளே, நான் விமான நிலையத்தில் துணைப் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவன். எக்ஸ்ரே திரைக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிறேன், கேட்டிலும் நின்றிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கேட்டில் ஏன் மறுபடியும் என்பது. அந்தக் கூடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் உங்களைப் போல வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் இல்லை. வேறொரு நாட்டில் ஏறி, இங்கே இறங்கி, அடுத்த விமானத்துக்கு மாறுகிறவர்களும் அங்கேதான் நடக்கிறார்கள். அவர்களை முதல் ஊரில் எவ்வளவு கவனமாகச் சோதித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. விமானப் பாதுகாப்புக்கு உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதித்தொகுப்பு ஒன்று உண்டு, ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் 17-ஆம் இணைப்பு என்பார்கள். 1974-இல் வந்தது, பல தடவை திருத்தியிருக்கிறார்கள். முதல் ஊர்ச் சோதனையை ஏற்றுக்கொள்வதாக நாடுகளுக்கு இடையே ஏற்பாடு இருந்தால் ஒழிய, மாறிச் செல்கிறவர்களையும் சோதித்துத்தான் ஏற்ற வேண்டும் என்கிறது அது. சிங்கப்பூர் சாங்கியில் 1, 2, 3 முனையங்களில் வந்திறங்குகிறவர்களும் புறப்படுகிறவர்களும் ஒரே கூடத்தில் நடப்பார்கள். இரண்டு வாய்க்கால் தண்ணீர் கலந்த பிறகு பிரிக்க முடியாது, அதனால் மடை வாயிலிலேயே பார்க்கிறார்கள். அங்கே கேட்டில்தான் சோதனையே. 2017-இல் திறந்த 4-ஆம் முனையத்தில் குடிநுழைவை ஒட்டி எல்லாருக்கும் ஒரே இடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆக, கட்டடம் எப்படியோ அப்படித்தான் சோதனையும் அமையும்.

இரண்டாவது, அந்த மெஷின். எக்ஸ்ரே உருவத்தைப் பார்க்கும். கத்தியோ பாட்டிலோ இருந்தால் காட்டிக்கொடுக்கும். அப்பாவுக்கு வைத்தது வேறு வகை, நாங்கள் ஈடிடி என்போம். அது வெடிமருந்தின் தடத்தைத் தேடுவது. துணியில் ஒட்டியதைச் சூடாக்கி ஆவியாக்கி, மின்னேற்றி, ஒரு குழாய்க்குள் அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்கும். கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தாலும் போதும், நானோகிராம் கணக்கில் பிடித்துவிடும். பையில் வெடி இருக்கிறது என்று அந்தச் சிவப்பு விளக்கு சொல்லவில்லை. அந்த வகைப் பொருளோடு ஒத்துப்போகிற ஏதோ ஒன்று கையிலோ பையிலோ பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறது. முதல் ஸ்கேனில் அப்பாவுக்கு இந்தச் சோதனையே நடந்திருக்காது. எல்லாருக்கும் செய்வதில்லை.

இப்போது ஒரு கேள்வி. அப்பாவுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? கையில் எந்தப் பை கொண்டு போனார்?

சிப்புட்_மகள் · திங்கள், காலை 7:20

ஐயா, காலையில் அப்பாவிடமே கேட்டேன். இப்போது உரம் போடுகிற குழுவில் இருக்கிறார். பழம் வெட்ட உடம்பு இடம் கொடுக்கவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள்கூட வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்தார். பை, தினமும் ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டு போவாரே, அதே பை. அம்மா துவைத்துக் கொடுத்திருந்தார்.

உரம்தான் காரணமா?

ஓய்வில்_காவலர் · திங்கள், காலை 8:03

பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, மகளே. ஆனால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். நைட்ரேட் உரம் பட்ட கையும் பையும் அந்த மெஷினை எழுப்பிவிடும். அம்மோனியம் நைட்ரேட் தோட்டத்தில் உரம். அதையே எரியெண்ணெயோடு கலந்து கல் குவாரியில் பாறை உடைக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தை அழித்ததும் அதுதான், கிடங்கில் 2,750 டன் கிடந்தது. மெஷினுக்கு விவசாயியும் தெரியாது, வேறு ஆளும் தெரியாது. ஒரு அலசு அலசினாலும் தையலிலும் ஜிப்பிலும் தூள் தங்கிவிடும்.

தீபாவளி நேரத்தில் பட்டாசு கொளுத்திவிட்டு வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மத்தாப்பிலும் நைட்ரேட்தான்.

மீனா_தாதி · திங்கள், மதியம் 1:15

ஈப்போவில் தாதியாக வேலை செய்கிறேன். இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை இருக்கிறதே, அது நைட்ரோகிளிசரின். மருந்து அளவில் அது வெடிக்காது, ஆனால் அதைத் தொட்ட கை மெஷினுக்குச் சந்தேகத்தைக் கொடுக்கலாம். நம் பெரியவர்கள் பலர் சட்டைப் பையில் வைத்திருக்கும் மாத்திரை இது. அதற்காக அதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். மூச்சு முட்டும் நேரத்தில் பெட்டி விமானத்தின் வயிற்றில் கிடக்கும். கையில்தான் இருக்க வேண்டும், மருத்துவமனை லேபிளோடு, கூடவே டாக்டர் கடிதமும்.

இன்சுலினும் அப்படித்தான். சரக்கு அறையில் குளிரில் உறைந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. கைப்பையில் கொண்டு போகும் திரவத்துக்கு உள்ள 100 மில்லி லிட்டர் கட்டுப்பாடு மருந்துக்கும் குழந்தைப் பாலுக்கும் கிடையாது, ஆனால் பையின் அடியில் புதைத்து வைக்காமல் வெளியே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அட்டையைக் காட்டுங்கள், கையில் பிடிக்கும் காந்தக் கருவியை நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டே இருக்க விடாதீர்கள், கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்களுக்கு ஒவ்வொரு வாசலிலும் சத்தம் வரும். வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

ஜாலோங்_தம்பி · திங்கள், மாலை 6:31

உரம் என்றே வைத்துக்கொள்வோம் ஐயா. அந்தத் துணியைத் தேய்க்க முதலில் அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? என் கேள்வி அங்கேதான் இருக்கிறது. நூறு பேர் போனார்கள், இவர் கையை ஏன் தேய்க்க வேண்டும்?

சரி, சிவப்பு எரிந்துவிட்டது. "பாக்சிக் (மாமா), நீங்கள் உரம் தொடுகிற வேலையா?" என்று ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். தோட்டம் நிறைந்த நாடு இது. உரம் போடுகிறவன் விமானம் ஏறுவான் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

கோலகங்சார்_வாத்தியார் · திங்கள், இரவு 8:47

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சோதனையே வேண்டாம் என்கிற இடத்துக்கு நாம் போய்விடக் கூடாது.

1977 டிசம்பர் 4. பினாங்கில் இருந்து கோலாலம்பூர் சுபாங்குக்கு வர வேண்டிய மலேசிய விமானம், எம்எச் 653. இறங்கும் நேரத்தில் கடத்தப்பட்டு, சிங்கப்பூர் நோக்கித் திருப்பப்பட்டு, ஜொகூர் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்தது. 100 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும் அதில் போனார். அப்போது நான் பயிற்சி ஆசிரியன். மறுநாள் பள்ளியில் பாடம் நடக்கவில்லை, தலைமை ஆசிரியர் அறையில் இருந்த வானொலியைச் சுற்றித்தான் எல்லாரும் நின்றோம். உள்ளே ஆயுதம் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்தது.

1984 ஆகஸ்டில் சென்னை மீனம்பாக்கத்தில் வெடித்தது. கொழும்பு விமானத்துக்கென்று கொடுக்கப்பட்ட பெட்டிகள், கொடுத்தவர் விமானம் ஏறவில்லை. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ஏர் இந்தியா 182, அட்லாண்டிக் கடலுக்கு மேல், 329 பேர். அங்கேயும் பெட்டி ஏறியது, ஆள் ஏறவில்லை. அதற்குப் பிறகுதான், பெட்டி கொடுத்த பயணி கேட்டுக்கு வரவில்லை என்றால் பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற முறை உலகெங்கும் இறுகியது. அப்பாவைக் கேட்டில் பிடித்து வைத்த நேரத்தில் கீழே அவருடைய பெட்டியைத் தேடத் தயாராகியிருப்பார்கள். ஒருவர் தாமதமானால் விமானமே ஏன் தாமதமாகிறது என்பதற்கும் அதுதான் விடை.

2014 மார்ச்சில் எம்எச் 370 காணாமல் போனபோது திருடப்பட்ட கடப்பிதழில் இரண்டு பேர் ஏறியிருந்தது தெரியவந்தது. அவர்களுக்கும் நடந்ததற்கும் தொடர்பு எதுவும் காட்டப்படவில்லை. ஆனாலும் தொலைந்த, திருடுபோன கடப்பிதழ்களின் இன்டர்போல் பட்டியலை யார் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உலகமே கேட்டது. கேட்டில் கடப்பிதழை மறுபடியும் திறந்து முகத்தைப் பார்க்கும்போது நான் முணுமுணுப்பதில்லை.

ஓய்வில்_காவலர் · திங்கள், இரவு 10:20

ஜாலோங் தம்பி, நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன்.

சில இடங்களில் தேர்வைக் கருவியே செய்யும். நடந்து போகும் வாசலில் உலோகம் இல்லாவிட்டாலும் இத்தனை பேருக்கு ஒரு தடவை ஒலிக்கும்படி வைக்கலாம். யாரைக் கூப்பிடுவது என்பதில் அதிகாரிக்கு வேலையே இல்லை. சில இடங்களில் அதிகாரியே தேர்வு செய்வார். பதற்றம், வியர்வை, பையை இறுக்கிப் பிடிப்பது, பதில் தடுமாறுவது, இவற்றைப் பார்க்கச் சொல்லித்தான் பயிற்சி. முதல் தடவை விமானம் ஏறுகிற ஒரு தோட்டத்து மனிதரிடம் இத்தனையும் இருக்கும். பயம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு மேல் ஒருவருடைய நிறத்தையோ சட்டையையோ பார்த்து எந்த அதிகாரியும் கூப்பிட்டதே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. கூப்பிட்டவர்களோடு வேலை செய்திருக்கிறேன். அது பாதுகாப்பே இல்லை, சோம்பல். கண் ஒரு பக்கமே போனால் மறுபக்கம் திறந்து கிடக்கிறது.

நீ கேட்ட இரண்டாவது விஷயத்தில் உன் பக்கம்தான் நான். சிவப்பு எரிந்ததும் வேலை என்ன, என்ன மருந்து எடுக்கிறீர்கள், என்ன தொட்டீர்கள் என்று கேட்பதுதான் முறை. கேட்டுவிட்டும் சோதிக்கத்தான் வேண்டும், வாய்ச்சொல்லை நம்பி விட முடியாது. ஆனால் கேட்டால் அந்த மனிதருக்கு என்ன நடக்கிறது என்பது புரியும். உட்கார ஒரு நாற்காலி, மற்றவர்கள் பார்க்காத இடம், குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில். இதற்கெல்லாம் செலவு கிடையாது.

லாசா_பேரன் · செவ்வாய், காலை 6:55

இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பாட்டிக்கு ஒரு விமான நிலையத்தில் கேட்டுச் சோதனையில் சத்தம் வந்தது. தாலிக்கொடி. கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். தாத்தா உயிரோடு பக்கத்தில் நிற்கிறார், பாட்டி எப்படிக் கழற்றுவார்? கையால் மூடிக்கொண்டு அழுதுவிட்டார். பின்னால் வரிசை நீள நீள அந்த அதிகாரி குரலை உயர்த்தினார். கடைசியில் பாட்டி கழற்றினார். மறுபடி மாட்டிக்கொள்ளும்போது தாத்தாதான் முடிச்சுப் போட்டார், ஆனால் பாட்டி இன்று வரை அதைப் பேசுவதில்லை. மறுபடி எங்கேயும் வரமாட்டேன் என்கிறார்.

இதற்கு வேறு வழியே இல்லையா?

மீனா_தாதி · செவ்வாய், காலை 7:30

ஐயோ, பாட்டி பாவம். தம்பி, வழி இருக்கிறது. பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள், தனி அறை வேண்டும் என்று கேளுங்கள். மலாயில் "மின்தா பெகாவாய் பெரெம்புவான், பிலிக் தெர்துதுப்". என் அம்மாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இந்த இரண்டும்தான். அவர் படிக்காதவர், ஆனால் இதைப் பாட்டுப் போல மனப்பாடமாகச் சொல்வார்.

ஓய்வில்_காவலர் · செவ்வாய், காலை 9:12

மீனா சொன்னதே சரி. சத்தம் வந்தால் அதன் காரணம் தெரிய வேண்டும், சோதனையின் நோக்கம் அவ்வளவுதான். கையில் பிடிக்கும் கருவியைக் கழுத்துப் பக்கம் கொண்டு போனால் ஒலிக்கும், பெண் அதிகாரி விரலால் தொட்டுப் பார்த்தால் கொடி என்று தெரிந்துவிடும். அதோடு முடிந்தது. வாசலைத் தாண்டுவதற்கு முன்பே தாலிக்கொடியைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது, சத்தம் வந்த பிறகு சொன்னால் வாக்குவாதமாகத் தெரியும். சிலர் புறப்படும் முன் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அது அவரவர் விருப்பம். பாட்டியிடம் அப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

யாத்திரை_துணை · செவ்வாய், இரவு 9:02

பழனி, ராமேஸ்வரம், காசி என்று நம் வட்டாரத்துப் பெரியவர்களை அழைத்துப் போகிறவன் நான். திரும்பி வரும் பக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அழுகை அதிகம் அங்கேதான்.

இந்தியாவில் ஏறும் இடத்திலேயே, ஏணிக்குப் பக்கத்தில் அல்லது பாலத்துக்கு முன்னால், இன்னொரு சோதனை வைப்பார்கள். ஏணிமுனைச் சோதனை என்று நான் எங்கள் குழுவுக்குச் சொல்வது வழக்கம். சுதந்திர தினம், குடியரசு தினம் நெருங்கும்போது எதிர்பார்க்கலாம். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு எல்லைப் பிரச்சினை வெடித்தபோது இந்திய விமானப் பாதுகாப்பு அமைப்பு எல்லா விமான நிலையங்களிலும் எல்லா விமானத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. புறப்படுவதற்கு 75 நிமிடம் முன்பே செக்-இன் மூடப்படும், மூன்று மணி நேரம் முன்னதாக வாருங்கள் என்றும் நிறுவனங்கள் அறிவித்தன. அந்தச் சமயம் நாங்கள் அங்கே இருந்தோம். உள்ளே சிஐஎஸ்எஃப் என்ற மத்தியப் பாதுகாப்புப் படை வீரர்கள் பார்த்ததை ஏணிமுனையில் விமான நிறுவனத்தின் பாதுகாப்பு ஊழியர்கள் மறுபடி பார்த்தார்கள். விவரம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் ஒருவரும் கலங்கவில்லை.

கலங்குவது பஞ்சாமிர்தத்துக்கு. பழனியில் வாங்கி, மடியில் வைத்துப் பாதுகாத்து, கைப்பையில் கொண்டு வருவார்கள். விதிப்படி அது குழைவுப் பொருள். தண்ணீர், நெய், தேன், ஊறுகாய் எண்ணெய் எல்லாம் எந்தக் கணக்கோ அதே கணக்கு. 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பா என்றால் எடுத்துவிடுவார்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் குளிர்பானப் போத்தலில் திரவ வெடியைக் கொண்டு போகும் சதி பிடிபட்டதில் இருந்து வந்த விதி இது. முருகன் பிரசாதம் என்று சொல்லி என்ன பயன்? பிரசாதத்தைக் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்த்து ஒரு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் பழனி அடிவாரத்திலேயே எல்லாருடைய டப்பாவையும் பெரிய பெட்டிக்குள் மாற்ற வைத்துவிடுகிறேன். கங்கைத் தீர்த்தமும் அப்படியே.

கொப்பரை மட்டும் பெட்டியிலும் வேண்டாம், கையிலும் வேண்டாம். எண்ணெய் மிகுந்த காய்ந்த தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் வகையில் வருகிறது. ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதற்கு ஐநா 1363 என்று எண்ணே இருக்கிறது. ஊரில் உறவுக்காரர்கள் ஆசையாகக் கட்டிக் கொடுப்பார்கள். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பெர்சே_கடை · செவ்வாய், இரவு 9:30

அண்ணே, பவர் பேங்க்?

யாத்திரை_துணை · செவ்வாய், இரவு 9:44

பெட்டியில் போடவே கூடாது, கையில்தான். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணிதான் வரும். 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் எடுத்துவிடலாம், அளவு தெரியாதே. 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையிலேயே எரிந்த பிறகு கெடுபிடி அதிகம். மலேசியா ஏர்லைன்ஸ் அந்த ஏப்ரல் முதல் தேதியில் இருந்து விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடவும் விடுவதில்லை, மேல் தட்டில் வைக்கவும் விடுவதில்லை.

டெக்சஸ்_வாசி · புதன், காலை 5:18

சுங்கை சிப்புட்டில் பிறந்து இங்கே வேலை செய்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோர்களுக்காக எழுதுகிறேன். இங்கே வரும் விமானத்தில் கடைசியாக எந்த நாட்டில் ஏறுகிறீர்களோ, டோக்கியோவோ தோஹாவோ, அங்கே கேட்டில் தனிச் சோதனை இருக்கும். 2017 அக்டோபரில் இருந்து கேள்வி கேட்பதும் சேர்ந்தது. எங்கே போகிறீர்கள், பெட்டியை யார் கட்டினார்கள், யாராவது ஏதாவது கொடுத்து அனுப்பினார்களா. ஏறும் சீட்டில் எஸ் எழுத்து நான்கு தடவை அச்சாகியிருந்தால் பையைப் பிரித்து, துணியால் தேய்த்து, உடம்பையும் தடவிப் பார்ப்பார்கள். தொடர்ந்து அப்படியே வந்தால் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் இணையம் வழி மனுப் போட்டு ஒரு எண் வாங்கலாம், அதை டிக்கெட் எடுக்கும்போது போட வேண்டும்.

அம்மாக்களே, மிளகாய்த் தூளையும் மசாலாவையும் பெட்டியில் போட்டுவிடுங்கள். 2018 ஜூன் முதல் 350 மில்லி லிட்டர் அளவுக்கு மேல் எந்தத் தூளும் கைப்பையில் இருந்தால் தனியாகப் பார்ப்பார்கள், என்னவென்று தீரவில்லை என்றால் விடமாட்டார்கள்.

ஜாலோங்_தம்பி · புதன், இரவு 8:10

எல்லாம் படித்தேன். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, வாத்தியார் ஐயா. 1977 பற்றி என் தாத்தாவும் சொல்லியிருக்கிறார். ஆனால் இத்தனை பேர் எழுதியதில் பெரும்பகுதி நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான். நாம் டப்பாவைப் பெட்டிக்கு மாற்ற வேண்டும், நாம் மனப்பாடம் செய்ய வேண்டும், நாம் முன்பே சொல்ல வேண்டும். அவர்கள் செய்ய வேண்டியதை யார் அவர்களிடம் சொல்வது? ஓய்வில் காவலர் ஐயா சொன்ன நாற்காலியும் ஒரு வார்த்தை விளக்கமும் இந்த இழையில் எழுதிவிட்டால் வந்துவிடுமா?

ஓய்வில்_காவலர் · புதன், இரவு 8:55

வராது. எழுத்துப்பூர்வமாகப் போக வேண்டும். முன்பு பயணிகள் குறையைக் கேட்ட மாவ்கோம் ஆணையம் 2025 ஆகஸ்ட் 1-இல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-உடன் இணைந்துவிட்டது, பயணிகள் குறை இப்போது அங்கேதான் போகிறது. விமான நிலைய நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி. தேதி, விமான எண், கேட் எண், நேரம், நால்வர் பெயர், மெஷின் எத்தனை தடவை வைத்தார்கள், என்ன பதில் சொன்னார்கள். கோபம் வேண்டாம், நடந்தது போதும். சோதித்தது தவறு என்று எழுதாதீர்கள், அதை ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். காரணம் சொல்லவில்லை, வயதானவரை நிற்கவைத்தார்கள், குடும்பத்தைப் பிரித்து அனுப்பப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மலாயில் எழுதுங்கள். வேண்டுமானால் வரைவை எனக்கு அனுப்புங்கள், மகளே, பார்த்துத் தருகிறேன். லாசா பேரனும் எழுத வேண்டும்.

கோலகங்சார்_வாத்தியார் · புதன், இரவு 9:20

மலாய்க் கடிதத்தை நானும் பார்த்துத் தருகிறேன்.

சிப்புட்_மகள் · வியாழன், இரவு 9:37

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு காவலர் ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உரத்தூள் மெஷினில் எப்படிப் பிடிபடும் என்கிற பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "இதை அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருந்தா நானே பையைக் கொட்டிக் காட்டியிருப்பேனே" என்றார். இத்தனை நாளும் தன்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் உரக் குழுவில் இன்னும் சிலர் மாசி மாதம் ஊருக்குப் போகிறார்கள். இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிட்டார்: வேலைக்குக் கொண்டு போகும் பை வேண்டாம், வேலைச் சப்பாத்து வேண்டாம், கையை நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவு, கேட்டால் "சாயா கெர்ஜா லாடாங், பெகாங் பாஜா" (தோட்ட வேலை, உரம் தொடுகிறேன்) என்று சொல்.

கடிதம் பாதி எழுதிவிட்டேன். காவலர் ஐயாவுக்கு நாளைக்கு அனுப்புகிறேன். தம்பி, உங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா?

ஜாலோங்_தம்பி · வியாழன், இரவு 9:41

சேருங்கள் அக்கா. எனக்கு நடந்ததைத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

யாத்திரை_துணை · வியாழன், இரவு 10:15

காவலர் ஐயா, பங்குனிக்கு ஒரு குழு புறப்படுகிறது. பெரும்பாலும் லிந்தாங், ஜாலோங், லாசா பக்கத்துப் பெரியவர்கள், பாதிப் பேருக்கு முதல் பயணம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் வைக்கிறோம். நீங்கள் வந்து அரை மணி நேரம் பேச முடியுமா? மீனா தங்கச்சி வந்தால் பெண்களுக்குத் தனியாகச் சொல்லலாம், தாலிக்கொடி விஷயத்தை என்னால் அவர்களிடம் பேச முடியவில்லை.

மீனா_தாதி · வியாழன், இரவு 10:32

ஞாயிறு எனக்குக் காலை வேலை. மதியம் இரண்டுக்கு மேல் என்றால் வருகிறேன் அண்ணே.

ஓய்வில்_காவலர் · வெள்ளி, காலை 6:40

இரண்டரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய தட்டும் இரண்டு மேசையும் போட்டு வையுங்கள், வரிசையாக நடந்தே காட்டிவிடலாம். லாசா பேரன், பாட்டியையும் அழைத்து வா. பயணம் போக வேண்டாம், வந்து உட்கார்ந்து கேட்கட்டும்.